விடிந்து பார்த்தால் ரெண்டர் கெட்டுக் கிடக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரியின் மேல் மூடுபனி ஏறுவதை 10 நொடி அசையும் படமாக்க வேண்டும். நாலு வருஷமாக நான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பது இதுதான். வீட்டு மேசைக் கம்ப்யூட்டர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், அதில் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்க (அதுதான் ரெண்டர்) சைக்கிள்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 250 படம். ஒரு படத்துக்கு 4 நிமிடம் என்று வைத்தாலே 16 மணி 40 நிமிடம் ஆகிறது. ஒரு தப்பு நடந்தால் ஒரு ராத்திரி போச்சு.

அப்படிப் போன ராத்திரிகளிலிருந்து சேர்த்த குறிப்பு இது. உங்களுக்கு வந்திருக்கிற அறிகுறியைத் தேடிப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் மேலே இருக்கும், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கீழே. மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். அவசரப்பட்டு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றியவன் சொல்கிறேன்.

## கம்ப்யூட்டரே அணைந்து கிடக்கிறது

பவர் பட்டனைத் தொடும் முன் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் இரண்டு முறை காரணம் அம்மாதான். "ராத்திரி பூரா லைட்டு மினுக்கிட்டே இருந்துச்சு, அதான் அணைச்சேன்" என்றார். இப்போது அந்த ஸ்விட்சின் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது.

அது இல்லையென்றால், ஆன் செய்து, நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் பட்டியலுக்குப் போங்கள். ரெண்டர் நின்ற நேரத்தில் என்ன எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

### 1074 என்று இருந்தால்

யாரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த யாரோ விண்டோஸ் அப்டேட். ரெண்டர் போடும் முன் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு பாஸ் செய்துவிடுங்கள். அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்கும் ஆக்டிவ் ஹவர்ஸ் அதிகபட்சம் 18 மணி நேரம்தான், நீளமான ரெண்டருக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கையோடு ஸ்லீப்பையும் 'நெவர்' என்று மாற்றுங்கள்.

### 41 என்று இருந்தால்

மெஷின் முறையாக அணையாமல் சட்டென்று நின்றுவிட்டது என்பதுதான் பொருள். எதனால் என்று அந்த எண் சொல்லாது, நாம்தான் தேட வேண்டும்.

முதலில் கரண்ட் போனதா என்று வீட்டில் விசாரியுங்கள். போயிருந்தால், யுபிஎஸ் ஏன் தாங்கவில்லை என்பதுதான் கேள்வி. சேமிக்காத வேலை எதுவும் இல்லாத நேரத்தில் ஒரு ஃப்ரேமை ரெண்டருக்கு விட்டு, யுபிஎஸ் மாட்டியிருக்கும் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். உடனே கம்ப்யூட்டரும் விழுந்தால் பேட்டரி முடிந்தது, அல்லது சுமை தாங்கவில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். அதோடு சிபியு, மானிட்டர், சிலர் மாட்டி வைக்கும் டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

கரண்ட் போகவில்லை என்றால், ரெண்டர் தொடங்கி எவ்வளவு நேரத்தில் அணைந்தது என்று பாருங்கள். கடைசியாகச் சேமிக்கப்பட்ட ஃப்ரேமின் நேரத்திலிருந்து இது தெரிந்துவிடும்.

அரை மணி, முக்கால் மணி ஓடியபிறகு அணைகிறது என்றால் முதல் சந்தேகம் சூடு. ஒரு வெப்பநிலை மானிட்டரை ஓட விட்டு ரெண்டர் போடுங்கள். சிபியு 95 டிகிரியைத் தாண்டி நின்றுகொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டுங்கள். தாக்குப்பிடித்தால் தூசி தட்டவேண்டிய நேரம். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் போகும். அதற்கும் அடங்கவில்லையென்றால் தெர்மல் பேஸ்ட். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது பேஸ்ட் மட்டும் அதிசயம் செய்யாது. அந்த மாதங்களில் இரவு 10 மணிக்கு மேல்தான் நான் ரெண்டரைத் தொடங்குகிறேன்.

தொடங்கிய சில நொடிகளில், அல்லது கனமான ஒரு ஃப்ரேம் ஆரம்பிக்கும் கணத்தில் பட்டென்று அணைகிறது என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் போகிறது. வாங்கும் முன் ஒரு சோதனை: கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து அதே ஃப்ரேமை ஓட்டுங்கள். அப்போது அணையவில்லை என்றால் பவர்தான் பிரச்சினை. அடுத்து யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். நான் எஸ்எம்பிஎஸ் மாற்றி, அப்போதும் அணைந்து, கடைசியில் குற்றவாளி பழைய ஸ்பைக் பஸ்டர் என்று கண்டுபிடித்தேன். அதன் ஒரு துளையில் பிளக் ஆடிக்கொண்டிருந்தது.

### இங்கே கையை எடுத்துவிடுங்கள்

கருகல் வாசனை, கார்டுக்குப் போகும் பவர் கனெக்டரில் உருகிய பிளாஸ்டிக், இரண்டில் எது இருந்தாலும் மறுபடி ஆன் செய்யாதீர்கள், சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றால் கம்ப்யூட்டர் கடைக்குப் போகாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப் அடிப்பக்கம் உப்பியிருந்தால் ரெண்டர் என்ன, சார்ஜே போடவேண்டாம்.

## கம்ப்யூட்டர் ஓடுகிறது, பிளெண்டரைக் காணோம்

கடைசி ஃப்ரேம் எண்ணைப் பாருங்கள். 137 வரை இருக்கிறது என்றால் 138ஐ மட்டும் தனியாக ரெண்டர் செய்யுங்கள்.

### ஒவ்வொரு முறையும் அதே ஃப்ரேமில் விழுகிறது

அந்த ஃப்ரேமில் ஏதோ புதிதாகப் பார்வைக்குள் வருகிறது, மெமரி நிரம்புகிறது. முதலில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. பல அடுக்கு ஓப்பன்இஎக்ஸ்ஆர் படக் கோப்பு ஒன்று 40 எம்பி வந்தால் 250க்கு 10 ஜிபி வேண்டும். இடம் இருந்தால் அடுத்தது கிராபிக்ஸ் கார்டின் மெமரி. பிளெண்டரின் அடிப்பட்டையில் ரைட் கிளிக் செய்தால் வீடியோ மெமரியைக் காட்டச் சொல்லலாம்.

பெரிய தின்னி டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படம். 8கே படம் ஒன்று டிஸ்கில் 20 எம்பியாக இருக்கலாம். கார்டுக்குள் போகும்போது 8192 பெருக்கல் 8192 பெருக்கல் 4 பைட், அதாவது 256 எம்பி. பாறைக்கு நிறம், கரடுமுரடு, நார்மல் என்று மூன்று வைத்தால் முக்கால் ஜிபி போய்விட்டது. அதே படம் 2கேவில் 16 எம்பிதான். கேமராவுக்கு இரண்டு மீட்டருக்குள் வராத பாறைக்கு 8கே எதற்கு? சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் லிமிட்டை 2048 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் மரங்களைப் பாருங்கள். ஷிஃப்ட்-டி (D) அடித்துப் பெருக்கிய 500 மரமும் மெமரியில் 500 மரம். ஆல்ட்-டி (D) அடித்தவை ஒரே மரத்தின் நிழல்கள் மாதிரி, ஒன்றின் இடம்தான் எடுக்கும். ஜியோமெட்ரி நோட்ஸ் வைத்துத் தூவியிருந்தால் எங்காவது 'ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ்' நோட் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அது ஒன்று இருந்தால் போதும், எல்லா இன்ஸ்டன்ஸும் நிஜ மரமாகிவிடும்.

கடைசி வழி, அருகே, நடு, தூரம் என்று காட்சியை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே ரெண்டர் செய்து ஒட்டுவது. அதற்கும் மேல் புதிய கார்டுதான். வாங்குவதானால் வேகத்தை விட மெமரி அளவைப் பாருங்கள். மெதுவான கார்டு காத்திருக்க வைக்கும், மெமரி போதாத கார்டு படத்தையே தராது.

### ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃப்ரேமில் விழுகிறது

காட்சியின் மேல் பழி போடாதீர்கள். ரெண்டர் நேரத்தில் பிரவுசரை மூடுங்கள், அதுவும் கார்டின் மெமரியில் பங்கு கேட்கும். டிரைவரை மாற்றிப் பாருங்கள், புதியதற்கோ பழையதற்கோ. ஓவர்கிளாக் எதுவும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பயாஸில் ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியையும் அணைத்து ஒரு இரவு விடுங்கள். அதற்கும் விழுந்தால் ரேம் சோதனை: விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டி, ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு குச்சியில் மட்டும் பிழை என்றால் அதை வாரண்டியில் மாற்றலாம். எல்லாக் குச்சியும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தகராறு செய்தால் மதர்போர்டு. அது கடைக்காரர் வேலை.

## ரெண்டர் முடிந்தது போலிருக்கிறது, வீடியோ திறக்கவில்லை

எம்பி4 ஆக நேராக ரெண்டர் போட்டிருக்கிறீர்கள், நடுவில் நின்றிருக்கிறது. கோப்பை முறையாக மூடும்போது எழுதவேண்டிய பகுதி எழுதப்படவில்லை. உள்ளே இருக்கும் 200 ஃப்ரேமை எடுக்கப் போராடுவதை விட மறுபடி போடுவது சுலபம்.

இனி எப்போதும் பிஎன்ஜி அல்லது ஓப்பன்இஎக்ஸ்ஆர் படவரிசையாகப் போடுங்கள். அவுட்புட் பகுதியில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம், இருக்கிற ஃப்ரேமை அது தொடாது. 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' டிக்கும் போட்டிருந்தால் கவனம்: கரண்ட் போன கணத்தில் செய்துகொண்டிருந்த ஃப்ரேம் 0 பைட் கோப்பாகக் கிடக்கும். ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, 0 பைட் கோப்புகளை அழித்துவிட்டுத் தொடருங்கள். இல்லையென்றால் வீடியோவில் அந்த இடத்தில் ஒரு கறுப்பு வெட்டு விழும்.

## ஓடுகிறது, ஆனால் துடிக்கிறது

ஒற்றைப் படமாகப் பார்த்தால் குறையே தெரியாது. ஓட விட்டால்தான் காட்டிக்கொடுக்கும். இதில் ஆளுக்கொரு நோய், எல்லோரும் 'ஃப்ளிக்கர்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். எந்த மாதிரித் துடிப்பு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முழுப் படமும் தேவையில்லை. கேமரா பார்வையில் கண்ட்ரோல்-பி (B) அடித்து, துடிக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் வரையுங்கள். வரிசையாக 10 ஃப்ரேம் போடுங்கள். 4 நிமிட ஃப்ரேம் அந்தக் கட்டத்துக்குள் 20 நொடியில் முடிந்துவிடும். மாற்றம், 10 ஃப்ரேம், மறுபடி மாற்றம் என்று ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை சோதிக்கலாம்.

### அங்கங்கே வெள்ளைப் புள்ளி பளிச்சிட்டு மறைகிறது

தண்ணீரில் சூரியன் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் வழக்கமான மூலம். ரிஃப்ளெக்டிவ், ரிஃப்ராக்டிவ் என்று இருக்கும் காஸ்டிக்ஸ் இரண்டையும் அணையுங்கள். லைட் பாத்ஸில் கிளாம்ப் இன்டைரக்ட் 10 இருக்கும், அதை 3க்கு இறக்குங்கள். ஏரியின் மினுமினுப்பு கொஞ்சம் மங்கும், சகித்துக்கொள்ளலாம்.

### ஈரப் பெயின்ட் கொதிப்பது மாதிரி நெளிகிறது

இது டீநாய்ஸர் வேலை, அதாவது படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் கருவி. ஒவ்வொரு ஃப்ரேமையும் அது தனியாகப் பார்த்து, இரைச்சலுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. பக்கத்து ஃப்ரேமில் வேறு மாதிரி ஊகிக்கிறது. என் சோலை மரங்களின் விளிம்பு மூடுபனியோடு சேரும் இடத்தில் இதைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்துவிட்டது. 100வது ஃப்ரேமில் ஒரு கிளை இருக்கும், 101ல் அது பனியில் கரைந்திருக்கும், 102ல் இரண்டு கிளையாகத் திரும்பி வரும்.

மருந்து ஒன்றுதான், டீநாய்ஸரிடம் போவதற்கு முன்பே படம் சுத்தமாக இருக்கவேண்டும். எவ்வளவு இரைச்சலை விட்டுவைப்பது என்ற நாய்ஸ் த்ரெஷோல்டு 0.1 என்று வைத்திருந்தால் 0.03க்கு, போதாவிட்டால் 0.01க்கு இறக்குங்கள். ஒரு பிக்ஸலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற அதிகபட்ச சாம்பிள் 128 என்றால் 512 ஆக்குங்கள். நேரம் கூடும். அந்த நேரத்தை மீட்க, பனியை நிஜ வால்யூமாக (இடத்தை நிரப்பும் புகை மாதிரி) வைக்காமல், தூரத்தை வெளுப்பாகக் காட்டும் மிஸ்ட் பாஸ் எடுத்து, படங்களை ஒட்டும் கம்பாஸிட்டரில் சேர்க்கலாம். தூரத்துப் பனிக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளத்தாக்கில் புகுந்து நகரும் பனிக்கு மட்டும் வால்யூமை வையுங்கள். மிஸ்ட் பாஸ் எடுத்தால் முழுக்க வெள்ளையாக வருகிறதா? அதன் தொடக்கம் 5 மீட்டர், ஆழம் 25 மீட்டர் என்று இருக்கும். அது தோட்டத்துக்கான அளவு, மலைக்குக் கிலோமீட்டரில் கொடுங்கள்.

### அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பது போல ஒரே இரைச்சல் திரையில் ஒட்டி நிற்கிறது

இரைச்சலின் வடிவை முடிவுசெய்யும் சீட் (Seed) எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் கடிகாரப் பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான்.

### தூரத்துப் புல்லும் மரமும் மினுங்குகின்றன

ஒரு பிக்ஸலுக்குள் 20 புல் இதழ் இருந்தால் எந்த ரெண்டரும் திணறும். சாம்பிளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 200 மீட்டருக்கு அப்பால் புல்லையே எடுத்துவிட்டு, தரையின் நிறத்தை மட்டும் புல் மாதிரி மாற்றுங்கள். யாருக்கும் தெரியாது. பிக்ஸல் ஃபில்டர் அகலத்தை 1.5 இலிருந்து 2 ஆக்கினால் விளிம்புகள் சற்று மிருதுவாகும். மோஷன் ப்ளரும் நிறைய மறைக்கும்.

### தரையே உயிருள்ளது போல அசைகிறது

கேமராவின் தூரத்தைப் பார்த்துத் தரையைச் சிறு துண்டுகளாக வெட்டும் அடாப்டிவ் சப்டிவிஷன் போட்டிருக்கிறீர்கள். கேமரா நகர நகர அது தரையைப் புதிதாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. கேமராவை ஒரு நகல் எடுத்து, அதன் அனிமேஷனை அழித்து, பாதையில் தரைக்கு மிக அருகே வரும் இடத்தில் நிறுத்தி, அதை டைசிங் கேமராவாகக் கொடுங்கள். நீளமான பறப்பு என்றால் இது முழுக்க உதவாது, அந்த நகலுக்குத் தள்ளியிருக்கும் இடங்கள் மொண்ணையாகும். அப்போது அடாப்டிவை விட்டுவிட்டு சாதாரண சப்டிவிஷனுக்கு வாருங்கள், மெமரி இடம் கொடுக்கும் வரை.

### மரங்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறுகின்றன, அல்லது நிழல் பட்டென்று காணாமல் போகிறது

மரம் தூவிய பரப்பு அசைகிறதா என்று பாருங்கள். பரப்பு மாறினால் தூவலும் மாறும். அசையாத நகல் ஒன்றின் மேல் தூவுங்கள். நிழல் மட்டும் மறைகிறதென்றால், மெமரிக்காகப் போட்ட கேமரா கல்லிங் திரைக்கு வெளியே நிற்கும் மரத்தை எடுத்துவிட்டது, அதன் நிழலும் கூடவே போயிற்று. கல்லிங்கின் ஓர அளவைக் கூட்டுங்கள்.

### எல்லாமே சேர்ந்து நடுங்குகிறது

நிஜ வரைபடத் தரவை அப்படியே இறக்கியவர்களுக்கு வருவது. ஊட்டிப் பகுதியின் யுடிஎம் (இடத்தை மீட்டரில் சொல்லும் வரைபட முறை) வடக்குத் தூரம் 12 லட்சம் மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணில் பிளெண்டரால் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைவான அசைவைக் குறிக்க முடியாது. கேமரா மெதுவாக நகரும்போது படி படியாகத் தாவும். மலை, மரம், கேமரா எல்லாவற்றையும் சேர்த்து மையப் புள்ளிக்கு இழுத்து வையுங்கள்.

## மலை மலையாக இல்லை

### படிக்கட்டு மாதிரி வரிவரியாக இருக்கிறது

மலையின் உயரத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பதித்த உயரப் படம் 8 பிட். 256 படிதான் அதற்குத் தெரியும். அடிவாரம் 300 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். வித்தியாசத்தை 256ஆல் வகுத்தால் ஒரு படி 9 மீட்டர். ஜேபெக் ஆக மாற்றிய உயரப் படம் எல்லாமே இப்படித்தான் வரும். 16 பிட் டிஃப் அல்லது பிஎன்ஜி எடுங்கள். உள்ளே கொண்டுவந்ததும் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றுங்கள், மறந்தால் மலையின் சரிவே பொய்யாகிவிடும்.

16 பிட் கொடுத்தும் வயல்வெளியில் மட்டும் மெல்லிய படி தெரிந்தால், தரவே முழு மீட்டரில் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அப்படித்தான். ஒரு ஸ்மூத் மாடிஃபையர் போதும்.

### பாதாளக் குழி அல்லது வானைத் தொடும் ஊசி

எஸ்ஆர்டிஎம் தரவில் அளக்க முடியாத இடத்துக்கு -32768 என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே படித்தால் 32 கிலோமீட்டர் பாதாளம், மைனஸ் குறியைத் தவறவிட்டுப் படித்தால் அதே உயரத்துக்கு ஊசி. க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஓட்டைகளை நிரப்பிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

### தூரத்து மலை கத்தியால் அறுத்தது போல முடிகிறது

கேமரா எவ்வளவு தூரம் வரை பார்க்கும் என்ற கிளிப் எண்ட்தான் காரணம். 50 கிலோமீட்டர் தெரியவேண்டுமென்றால் 50,000 கொடுங்கள். சைக்கிள்ஸுக்குப் பதில் பிளெண்டரின் ஈவீயில் ரெண்டர் செய்பவர்கள் கிளிப் ஸ்டார்ட்டையும் 0.01 போல வைக்காமல் 1 மீட்டருக்கு ஏற்றுங்கள், இல்லையென்றால் தூரத்தில் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும்.

## நிறம் தப்பு

எல்லாம் ரோஸ் என்றால் டெக்ஸ்சர் தொலைந்திருக்கிறது. ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா போய் ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபைல்ஸ். வேறு மெஷினுக்குக் கொண்டுபோகும் முன் ரிசோர்ஸ்களை பேக் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடர்ந்த காட்டுக்குள் இலைகளுக்கு நடுவே கறுப்புத் திட்டுகள் இருந்தால் அது நிழல் அல்ல. இலை வடிவில் வெட்டிய ஒளி ஊடுருவும் அட்டைகளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒளி 8 அட்டைதான் தாண்டும், ஒன்பதாவதில் கறுப்பு. டிரான்ஸ்பேரன்ட் பவுன்ஸை 32 ஆக்குங்கள். ரெண்டர் நேரம் ஏறும், வேறு வழியில்லை.

வானம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தால், பனிக்காக வேர்ல்டுக்கே வால்யூம் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பனிக்கு எல்லை இல்லை, வானத்து ஒளி கேமராவை வந்து சேர வழியே இல்லை. அதை எடுத்துவிட்டு, காட்சியை மூடும் ஒரு பெட்டி வைத்து அதற்கு வால்யூம் கொடுங்கள்.

## தண்ணீர் அசையவே இல்லை

அலை உண்டாக்கும் ஓஷன் மாடிஃபையரில் டைம் என்ற இடத்துக்குக் கீஃப்ரேம் (எந்த ஃப்ரேமில் எந்த மதிப்பு என்ற குறி) வைக்கவில்லை. ஃப்ரேம் 1ல் 1, ஃப்ரேம் 251ல் 11. வைத்தபின் வளைவை லீனியர் ஆக்குங்கள். இல்லையென்றால் கடல் மெதுவாகக் கிளம்பி, நடுவில் ஓடி, கடைசியில் பிரேக் பிடித்து நிற்கும்.

## நேற்று 4 நிமிடம், இன்று 15

பெரும்பாலும் கார்டே வேலை செய்யவில்லை. டிரைவர் மாற்றியபிறகு பிரிஃபரன்ஸஸில் சிஸ்டம் பகுதியில் கார்டின் டிக் போயிருக்கும், எல்லாம் சிபியு தலையில் விழுந்திருக்கும். டிக் இருக்கிறது என்றால் ரெசல்யூஷன் சதவீதத்தைப் பாருங்கள். சோதனைக்கு 50 வைத்து, திரும்ப 100 ஆக்கினால் பிக்ஸல் நாலு மடங்கு.

இரண்டும் சரி என்றால், அதே ஃப்ரேமை விடிகாலை 5 மணிக்கு ஒருமுறை, மதியம் 2 மணிக்கு ஒருமுறை ஓட்டுங்கள். மதியம் கணிசமாக அதிக நேரம் எடுத்தால் கார்டு சூட்டில் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. மேலே அணைந்து போனதற்குச் சொன்ன தூசி வைத்தியம்தான் இதற்கும்.

இன்னொன்று, நேரம் ஃப்ரேமுக்குள் போகவில்லை, ஃப்ரேம்களுக்கு நடுவே போகிறது என்றால் பெர்சிஸ்டன்ட் டேட்டாவை ஆன் செய்யுங்கள். கேமரா மட்டும் நகரும் காட்சியில் மலையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் நேரம் மிச்சமாகும். மெமரி கூடுதலாகப் பிடிக்கும், 8 ஜிபிக்காரர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

## ஃப்ரேம் நன்றாக இருக்கிறது, வீடியோ கெட்டுப்போகிறது

### வெளிறிப் போகிறது

பிஎன்ஜி ஃப்ரேம்களைப் பிளெண்டரின் வீடியோ சீக்வென்ஸரிலேயே கோர்க்கிறவர்களுக்கு வரும். ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக் என்ற நிற மாற்றம் ஏற்கெனவே ஃப்ரேமுக்குள் ஏறிவிட்டது. கோர்க்கும்போது மறுபடி ஒருமுறை ஏறுகிறது. வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். ஓப்பன்இஎக்ஸ்ஆர் ஃப்ரேம்களில் தலைகீழ்: அவற்றில் எதுவுமே ஏறியிருக்காது, வேறு எடிட்டரில் திறந்தால் முரட்டுத்தனமாகத் தெரியும், அங்கே நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

### வேகமாக ஓடுகிறது

24க்கு ரெண்டர் செய்து 30க்கு இறக்கியிருக்கிறீர்கள். எடிட்டரில் படவரிசையின் ஃப்ரேம் ரேட்டை மாற்றுங்கள், ரெண்டரைத் தொடவேண்டாம்.

### வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு

நீலம் மெதுவாக மாறும் இடத்தில் 8 பிட்டுக்குப் போதுமான படிகள் இல்லை. ஃப்ரேமை 16 பிட் பிஎன்ஜியாக எடுத்து, கோர்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு கிரெயின் (பொடி இரைச்சல்) சேருங்கள். பட்டை உடைந்துவிடும். டீநாய்ஸரை வைத்து இரவெல்லாம் துடைத்த இரைச்சலை நாமே திரும்பத் தூவுவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். பிட்ரேட்டையும் தாராளமாகக் கொடுங்கள், கஞ்சத்தனம் செய்தால் அந்தக் கிரெயினைத்தான் முதலில் பிழிந்து எடுக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பட்டை இல்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பியதைச் சித்தப்பா போனில் பார்த்தால் மட்டும் இருக்கிறது என்றால் ரெண்டரில் தேட ஒன்றுமில்லை. டாக்குமென்டாக அனுப்புங்கள்.